மொத்தம் 46 வந்தும் அரியரா?

மன்னார்குடித் தம்பி, இன்டர்னல் 18, செமஸ்டர் 28, மொத்தம் 46. 40 தாண்டியும் ஏன் ஃபெயில் என்று கேட்டிருக்கிறீர்கள். பாரதிதாசன் பல்கலைக்கழக இளநிலை தியரித் தாள்களில் இன்டர்னலில் (கல்லூரியே போடும் மார்க்) 25-க்கு 10, செமஸ்டர் தேர்வில் 75-க்கு 30 என்று இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். உங்களுக்கு இடித்தது அந்த 28தான். இரண்டே மார்க், எரிச்சலாகத்தான் இருக்கும். மறுமதிப்பீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். கடைசித் தேதியை உடனே ஆபீசில் கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கணக்கு வேறாக இருக்கலாம்.

அப்புறம், சராசரியைச் சும்மா கூட்டி வகுக்காதீர்கள். ஒவ்வொரு தாளின் மார்க்கையும் அதன் கிரெடிட்டால் (அந்தத் தாளுக்குக் கொடுத்திருக்கும் எடை) பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 5 கிரெடிட் தாளில் 60, 2 கிரெடிட் தாளில் 90 எடுத்தால் சராசரி 75 இல்லை, 68.57தான். அதனால் அரியர் எழுதும்போது பெரிய கிரெடிட் தாளை முதலில் கவனியுங்கள்.