ஏழு மாதப் பாப்பா ராகிக் கூழைத் துப்புகிறாளா?

தோழி, பாப்பா கூழை நாக்கால் வெளியே தள்ளுகிறாள், தண்ணீராகக் கரைத்துப் பாட்டிலில் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டில் வேண்டாம். அவள் துப்புவதால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதுவரை சப்பிக் குடித்தே பழகிய நாக்கு, உணவைப் பின்னால் தள்ளி விழுங்க இப்போதுதான் கற்றுக்கொள்கிறது.

நீர்த்த கூழில் வயிறு நிறையும், சத்து சேராது. ஸ்பூனைச் சாய்த்ததும் வழிந்து ஓடாத பதம்தான் சரி. வேளைக்கு 2, 3 ஸ்பூன் உள்ளே போனாலே இப்போதைக்குப் போதும், தாய்ப்பால்தான் இருக்கிறதே.

ராகியையே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, துளி நெய் விடுங்கள். மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஸ்பூனாலேயே மசிக்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது என்பதால், நன்றாக வெந்த முட்டையையும் தாராளமாகத் தொடங்கலாம். புதிய உணவு எதுவானாலும் முதலில் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். இன்று முகம் சுளிப்பதை அடுத்த வாரம் மறுபடி நீட்டுங்கள், பத்துத் தடவை ஆனாலும் ஆகும்.

அத்தை கொடுக்கச் சொன்னதாக நீங்கள் எழுதிய தேன் மட்டும் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அது சாகாது. டாக்டர் சொன்னதாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள், வம்பில்லை! உப்பு, சர்க்கரையும் இப்போது வேண்டாம்.

எடை ஏறாமல் நின்றாலோ, ஒவ்வொரு வாய்க்கும் புரையேறினாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.