விருப்பப் பட்டியலில் எதை மேலே வைப்பது?

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பொறியியல் கலந்தாய்வைப் பற்றியவை. பலருக்கும் பயன்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: என் மகன் கணிதத்தில் 98 எதிர்பார்த்தான், 92 வந்திருக்கிறது. இயற்பியல் 85, வேதியியல் 88. மறுமதிப்பீட்டுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாமா? – ஒரு தாய், நாமக்கல்

நேரடியாக முடியாது. முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். படித்த பள்ளி வழியாகவே, அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் சில நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது தரும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதிலுள்ள விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால்தான் நகலை இணையத்தில் இறக்க முடியும். நகல் கைக்கு வந்த பிறகுதான் மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்ற முடிவு.

நகலை மகன் மட்டும் பார்த்தால் போதாது. கணித ஆசிரியரோடு உட்கார்ந்து, விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்து, படிப்படியாக மதிப்பெண் போட்டுப் பாருங்கள். கூட்டலில் மட்டும் பிழை என்றால் மறுகூட்டல் போதும், செலவும் குறைவு. திருத்தாமல் விட்ட பக்கம், சரியான படிக்கு மதிப்பெண் தராத இடம் போன்றவை இருந்தால் மட்டும் மறுமதிப்பீடு. 'நன்றாகத்தான் எழுதினேன்' என்ற நினைப்பை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணில் கணிதம் 100-க்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகிச் சேரும். உங்கள் மகனின் கட்-ஆஃப் 92 + 42.5 + 44 = 178.5. கணிதத்தில் 4 மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் 182.5 ஆகும். அதே 4 இயற்பியலில் கூடினால் 180.5 மட்டுமே.

முடிவு வெளியிடும்போது மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டுமே பட்டியலில் வரும். எண் இல்லையென்றால் மாற்றம் இல்லை என்று பொருள். இதற்காகக் காத்திருந்து கலந்தாய்வுப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். இருக்கிற மதிப்பெண்ணோடு பதிவு செய்துவிடுங்கள். மதிப்பெண் மாறினால் உடனே கலந்தாய்வு உதவி மையத்தில் தெரிவித்து, தரவரிசைப் பட்டியலில் புதிய மதிப்பெண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் வந்ததும் குறை சொல்லத் தரும் அவகாசம் சில நாட்கள்தான்.

கேள்வி: கட்-ஆஃப் 171. கிடைக்கிற கல்லூரியை விருப்பப் பட்டியலில் முதலில் போட்டால்தான் நிச்சயமாகக் கிடைக்கும் என்கிறார் பிரவுசிங் சென்டர்காரர். சரியா? – ஒரு மாணவி, திண்டுக்கல்

தவறு. இந்த ஒரு ஆலோசனையால் ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் தங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய நல்ல இடத்தை இழக்கிறார்கள்.

ஒதுக்கீடு இப்படித்தான் நடக்கிறது. கணினி மாணவர்களை ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். அங்கே பொதுப்போட்டி இடமோ உங்கள் வகுப்புப் பிரிவு இடமோ இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இல்லாவிட்டால் இரண்டாம் வரி, பிறகு மூன்றாம் வரி. முதல் பத்து வரிகளும் எட்டாத கல்லூரிகளாக இருந்தாலும் பதினோராம் வரியில் உங்கள் உரிமை துளியும் குறையாது. அந்தப் பதினோராம் கல்லூரியை முதல் வரியில் போட்டவரைவிட உங்கள் ரேங்க் மேலே இருந்தால், இடம் உங்களுக்குத்தான். ஆனால் 'கிடைக்கிறதை' முதலில் போட்டீர்களோ, அது கிடைத்துவிடும். அதற்குக் கீழே உள்ள எதையும் கணினி பார்க்காது.

அதனால் வரிசைக்கு ஒரே அளவுகோல் உங்கள் விருப்பம்தான். மேலே எட்டுமா என்று தெரியாத 15, 20 கல்லூரிகள், நடுவில் உங்கள் ரேங்குக்கு நெருக்கமானவை, கடைசியில் கட்டாயம் கிடைக்கக்கூடியவை. எண்ணிக்கைக்கு வரம்பில்லை. 10 மட்டும் போட்டுவிட்டு இடமே கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அதே சமயம், கிடைத்தாலும் சேர மாட்டேன் என்கிற கல்லூரியை எந்த இடத்திலும் போடாதீர்கள்.

எது நெருக்கமானது என்று பார்க்கப் போன ஆண்டின் கட்-ஆஃபை எடுக்காமல் ரேங்கை எடுங்கள். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் சதம் அடித்தவர்கள் கூடுவார்கள், 171 வாங்கியவரின் ரேங்க் பல ஆயிரம் கீழே போகும். கடினமான ஆண்டில் அதே 171 மேலே ஏறும். இடங்களோ ஏறக்குறைய அவ்வளவேதான். ஆகவே உங்கள் பொது ரேங்க், வகுப்புப் பிரிவு ரேங்க் இரண்டையும் எழுதிக்கொண்டு, போன ஆண்டு அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், உங்கள் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்கோடு ஒப்பிடுங்கள். ஓ.சி. என்பது முற்பட்ட வகுப்பினருக்கான ஒதுக்கீடு அல்ல. அந்த 31 சதவீத இடங்களும் எல்லா வகுப்பினருக்கும் திறந்த பொதுப்போட்டி.

பட்டியலை முதலில் தாளில் எழுதுங்கள். கல்லூரியின் குறியீட்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் ஏராளம். பெயரை மட்டும் பார்த்துச் சொடுக்கி, கோவை என்று நினைத்து வேறு மாவட்டத்தில் இடம் வாங்கிவிடலாம். பாடப்பிரிவின் பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 'எஸ்.எஸ்.' என்று முடிந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் அதிகம். சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் தமிழ்வழி தனியாக வரும். விரும்பி எடுப்பவருக்கு அது நல்ல வாய்ப்பு, ஆனால் தெரியாமல் எடுக்கக் கூடாது.

கேள்வி: தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் 'ஏற்றுச் சேர்கிறேன்', 'ஏற்று, மேலே காத்திருக்கிறேன்' என்று கேட்கிறதாமே. எதை எடுப்பது? – ஒரு தந்தை, விருத்தாசலம்

முதலாவதை எடுத்தால் ஆட்டம் அங்கே முடிந்தது. குறித்த நாளுக்குள் அந்தக் கல்லூரிக்கே போய்க் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். இரண்டாவதை எடுத்தால் கையில் உள்ள இடம் இருக்கும். யாராவது சேராமல் விட்டால், உங்கள் பட்டியலில் இந்த இடத்துக்கு மேலே உள்ளவற்றில் மட்டும் வாய்ப்பு வரும். ஆனால் இவர்கள் கல்லூரிக்குப் போகக் கூடாது, உதவி மையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். இடம் மாறிப் போய் நிற்பதும், தேதி தவறுவதும்தான் இங்கே நடக்கும் பெரிய விபத்து. கெடு முடிந்தால் இடம் ரத்து.

இன்னொன்று. மேலே உள்ள ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட மாட்டார்கள். கிடைத்த இடமே மனதுக்கு நிறைவாக இருந்தால், சேர்வதற்கே ஒப்புதல் கொடுங்கள்.

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தாள். 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டா? – ஒரு வாசகர், சிவகாசி

இல்லை. அது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அதில் சேரும், உதவிபெறும் பள்ளிகள் சேராது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லையென்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக இப்போதே வாங்கிவிடுங்கள். அதோடு பெற்றோரும் மாணவியும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியும் தேவை. சுயநிதிக் கல்லூரியானாலும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கேள்வி: வேதியியலில் 33 வந்து தோல்வி. இந்த ஆண்டு வீணா? – ஒரு மாணவர், பெரம்பலூர்

வீணில்லை. துணைத்தேர்வு அடுத்த சில வாரங்களிலேயே நடக்கும். எழுத்துத் தேர்வில் 70-க்குக் குறைந்தது 15, செய்முறை, அகமதிப்பீடு எல்லாம் சேர்த்து 35 எடுக்க வேண்டும். உங்களுக்குத் தேவை இன்னும் இரண்டு மதிப்பெண்தான் என்றாலும் அதோடு நிறுத்த வேண்டாம். பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும். தேறியவர்களுக்கு, மீதமுள்ள இடங்களுக்குத் துணைக் கலந்தாய்வு உண்டு. அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பயந்துபோய் ஒரு தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டி, அசல் டி.சி.யையும் கொடுத்துவிட்டோம். இப்போது கலந்தாய்வில் நல்ல இடம் வந்திருக்கிறது. – ஒரு தாய், செங்கல்பட்டு

கலந்தாய்வு இடத்தை விட்டுவிடாதீர்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் இல்லை. இது பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) இரண்டின் விதியும்கூட. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி, வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

வாய்மொழியாகக் கேட்டு அலைய வேண்டாம். விலகல் கடிதத்தை இன்றைய தேதியிட்டு எழுதி, கட்டண ரசீதின் நகலை இணைத்து, நேரில் கொடுத்து இரண்டாம் பிரதியில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். எவ்வளவு பணம் திரும்பும் என்பது நீங்கள் விலகிய தேதியைப் பொறுத்தது. அந்தத் தேதிக்கு எழுத்தில் ஆதாரம் இருக்க வேண்டும்.

கேள்வி: எல்லாக் கல்லூரிகளும் '100 சதவீத வேலைவாய்ப்பு' என்றே விளம்பரம் செய்கின்றன. உண்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? – ஒரு வாசகர், திருப்பூர்

விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் 'என்.ஐ.ஆர்.எஃப்.' என்று தேடுங்கள். தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரி, தான் கொடுத்த புள்ளிவிவரத்தைத் தன் தளத்தில் வெளியிட வேண்டும். அதில் நான்காண்டுப் பட்டப்படிப்பு அட்டவணையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். இடைநிலை என்றால் சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பவர் வாங்குவது. ஒரே ஒருவருக்குக் கிடைத்த 40 லட்சம் இதை அசைக்காது.

சேர்ந்தவர் 400, முடித்தவர் 250 என்றால் முதலில் அதைக் கேளுங்கள். 'தகுதியுள்ளவர்களில்' 100 சதவீதம் என்ற விளம்பரத்தில் அந்த 150 பேர் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

தன்னாட்சி பெறாத கல்லூரியென்றால் அண்ணா பல்கலைக்கழகத் தேர்வின் தேர்ச்சி விகிதத்தை ஒப்பிடலாம். தன்னாட்சிக் கல்லூரிகள் வினாத்தாளைத் தாங்களே அமைப்பதால் அந்த ஒப்பீடு அவற்றுக்குப் பொருந்தாது. தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத் தரப்படுவது, தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழுவின் (நாக்) தரம் கல்லூரி முழுவதற்கும். நீங்கள் சேரும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா, எந்த ஆண்டுவரை செல்லும் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு வேலை நாளில் நேரில் போய், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரிடம், அந்தப் பிரிவில் இந்தப் பருவத்தில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள் என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.