தோட்டத்தில் தேங்கும் தண்ணீர்: குழாய் 4 அங்குலமா, 6 அங்குலமா?

கேள்வி: ஐயா, வீடும் தோட்டமும் தொழுவமும் சேர்ந்து எங்களுக்கு அரை ஏக்கர். தாழ்வான இடம், களிமண். பெருமழை பெய்தால் பின்பக்கம் நாலைந்து நாள் தண்ணீர் வடியாமல் நிற்கிறது, சில வருடம் ஆற்று வெள்ளமும் வந்து சேரும். இந்த முறை பப்பாளி மொத்தமும் போய்விட்டது, எலுமிச்சை மஞ்சளாகி இலை கொட்டுகிறது. துளை போட்ட குழாயைப் பதித்து மேலே ஜல்லி கொட்டினால் தண்ணீரே நிற்காது என்கிறார் கடைக்காரர். 4 அங்குலம் போதுமா, 6 அங்குலம் வேண்டுமா? இரண்டடிக்கு லாரி மண் அடித்து மேடாக்கலாமா என்றும் யோசனை. எலுமிச்சைக்கு இப்போது யூரியா வைக்கலாமா?

பதில்: குழாயை இப்போது வாங்காதீர்கள். 4-ஆ 6-ஆ என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

இவ்வளவு எழுதிய நீங்கள், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. கடைக்காரரும் கேட்டிருக்க மாட்டார், அவருக்கு வேண்டியது எத்தனை அடி குழாய் என்பது மட்டும்தான். அடுத்த நல்ல மழையில் குடையை எடுத்துக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்று வாருங்கள். ரோட்டிலிருந்து இறங்குகிறதா, பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து வருகிறதா, உங்கள் கூரைத் தண்ணீரேதானா என்று கண்ணால் பாருங்கள். கூரையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், 1,200 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 11,000 லிட்டர் தண்ணீர் இறங்கும், பெரும்பாலான வீடுகளில் அது சுவரோரமாகவே கொட்டிப் பின்பக்கம் போய்ச் சேர்கிறது.

ஆற்று வெள்ளத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆறு உங்கள் நிலத்தைவிட உயரத்தில் நிற்கும்போது எந்த வடிகாலும் வேலை செய்யாது, சொல்லப்போனால் அதே வடிகால் வழியாகத்தான் உள்ளே வரும். வெள்ளம் இறங்கிய பிறகு நாலு நாள் நிற்பதை ஒரே நாளில் வடிய வைக்கலாம், அவ்வளவுதான் நம்மால் முடிந்தது. மரங்களுக்கு அது பெரிய விஷயம். நாலாவது நாளில் சாகிற மரம் முதல் நாளில் சாவதில்லை (பப்பாளி விதிவிலக்கு, அதற்கு ஒன்றிரண்டு நாளே அதிகம்).

அப்புறம் இரண்டு குழி தோண்டுங்கள். ஒன்று ஓரடி அகலம், ஓரடி ஆழம். அதைத் தண்ணீரால் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு குச்சியில் குறியுங்கள். மணிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் மண் குடிக்கிறது. அரை அங்குலம்கூட இல்லையென்றால் மண்ணை நம்பிப் பயனில்லை, தண்ணீரை மேலாகவே வெளியேற்றியாக வேண்டும். இன்னொரு குழி மூன்றடி ஆழம், அதில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மழைக்காலத்தில் அடியிலிருந்து தானாக ஊறி வந்தால் உங்கள் நிலத்தடி நீர் அந்த உயரத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம், அதற்குக் கீழே பதிக்கிற குழாய் எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கும்.

சரி, குழாய்க்கு வருகிறேன். துளைக்குழாய் கெட்ட சரக்கு என்று நான் சொல்லவில்லை, அதைப் பதிக்கிற இடங்களில் பாதி அதற்கான இடமில்லை என்கிறேன். தண்ணீர் ஓட நூறு அடிக்கு ஓரடி வாட்டம், அதாவது சரிவு, வேண்டும், கடைசி முனை வெளியே திறந்திருக்க வேண்டும். உங்களுடையது போன்ற தட்டை நிலத்தில் அந்த வாட்டத்தைக் கொடுத்துக்கொண்டே போனால் முனை வெளி வாய்க்காலின் மட்டத்துக்குக் கீழே போய்விடும். மழை நாளில் அந்த வாய்க்காலும் நிரம்பித்தான் ஓடும், இரண்டு பக்கமும் தண்ணீரில் மூழ்கிய குழாய் எதை வடிக்கும்? போதாததற்குக் களிமண்ணின் நுண்துகள் ஜல்லிக்குள் இறங்கி, குழாயைச் சுற்றிய வடிகட்டித் துணியை அடைத்து, மரவேர்கள் துளை வழியாகப் புகுந்து, சில மழைக்காலத்தில் தூர்ந்துவிடும். தூர்ந்தது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. தெரிந்த பிறகு கடைக்காரர் இன்னும் பெரிய குழாய் ஒன்று காட்டுவார்.

இதற்குப் பதில் திறந்த வாய்க்கால் வெட்டுங்கள். நான் இதைச் சொன்னால் பழைய காலத்து ஆள் என்று சிரிக்கிறார்கள், கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். 4 அங்குலக் குழாயின் வாய் பன்னிரண்டரை சதுர அங்குலம். மேலே நாலரை அடி அகலம், நடுவில் முக்கால் அடி ஆழம் என்று சரிவாக வெட்டிய வாய்க்காலின் வாய் 243 சதுர அங்குலம், ஏறக்குறைய இருபது மடங்கு. சுவர் போலச் செங்குத்தாக வெட்டாதீர்கள், முதல் மழையிலேயே கரை சரியும். ஓரடி இறங்க மூன்றடி சரிவு இருந்தால் மாடும் நடக்கும், தள்ளுவண்டியும் போகும். புல் வளர விடுங்கள், அதுதான் கரையைப் பிடிக்கும், சிமென்ட் பூசச் சொல்கிற கொத்தனாரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், மண்வெட்டியோடு ஓர் ஆள் அரை நாளில் தூர் வாரிவிடுவார். வாட்டத்தைக் கண்ணளவில் நம்பவே கூடாது, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப்) ஒரு நாள் இரவல் வாங்கி, பத்தடிக்கு ஒரு முளை அடித்து மட்டம் பாருங்கள். தோட்டத்தில் மேடு என்று இத்தனை வருடம் நினைத்த இடம் பள்ளமாக இருக்கும்.

வாய்க்கால் எங்கே போய் முடிய வேண்டும்? பக்கத்து நிலத்தில் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளி வாய்க்காலுக்குப் போக வழி இல்லையென்றால், அல்லது அது நிரம்பி எதிர்த்து வருகிறதென்றால், உங்கள் நிலத்தின் மிகத் தாழ்ந்த மூலையில் குட்டை வெட்டுங்கள். மேலே 20க்கு 20 அடி, நாலடி ஆழம், கரை சரிவாக இருந்தால் ஏறக்குறைய 30,000 லிட்டர் பிடிக்கும். மூன்றடிக் குழியில் ஊற்று வந்திருந்தால் மட்டும் இது வீண், குட்டை மழைக்கு முன்பே நிரம்பி இருக்கும். வெளி வாய்க்கால் வடிந்ததும் குட்டையிலிருந்து ஒரு சின்ன மோட்டாரால் இறைத்து விடலாம். சிறு பிள்ளைகள் இருந்தால் வேலி அவசியம். தண்ணீர் நிற்கும் நாட்களில் கொசுவுக்கு மீன் விடுங்கள்.

லாரி மண் வேண்டாம் என்பதற்கும் இந்தக் குட்டைதான் காரணம். அதில் வெட்டுகிற மண்ணே மேட்டுப்பாத்திக்குப் போதும். தோட்டம் முழுக்க இரண்டடி உயர்த்தினால் இப்போது அங்கே நிற்கிற தண்ணீர் வீட்டுக்குள்ளோ பக்கத்து வீட்டுக்குள்ளோ போகும், அதோடு மரங்களும் சாகும். தண்ணீரும் சத்தும் உறிஞ்சுகிற வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடிக்குள்தான் இருக்கிறது, அதன்மேல் இரண்டடி மண் போட்டால் காற்று கிடைக்காமல் மூச்சு முட்டிவிடும், மரம் உடனே சாகாது, இரண்டு வருடம் கழித்துக் காயும்போது ஏதோ நோய் என்று மருந்து வாங்குவீர்கள். புது மரங்களை ஒன்றரை அடி மேட்டில் நடுங்கள், நிற்கிற மரங்களைத் தொடாதீர்கள். களிமண்ணை இளக்க மணல் கலக்கச் சொல்வதையும் கேட்க வேண்டாம், கொஞ்ச மணல் சேர்ந்த களிமண் செங்கல்லாக இறுகும். மட்கிய தொழுவுரமும், காய்ந்த இலை, வைக்கோல் கொண்டு மூடாக்கும் போடுங்கள், ஈரத்தில் ஜேசிபி, டிராக்டர் எதையும் உள்ளே இறக்காதீர்கள்.

எலுமிச்சைக்கு யூரியா இப்போது வேண்டவே வேண்டாம். இலை மஞ்சளானது வேர் மூச்சுத் திணறியதால், சத்துக் குறைவால் இல்லை. வேர் வேலை செய்யாதபோது யூரியா தருகிற தழைச்சத்தை மரம் எடுக்காது, ஈர மண்ணில் அதில் ஒரு பகுதி வாயுவாகப் போய்விடும். வெள்ளம் கொண்டுவந்த வண்டல் வேர்ப்பகுதியில் படிந்திருந்தால் கையால் வழித்தெடுங்கள், மேல்மண் இறுகியிருந்தால் லேசாகக் கீறிவிடுங்கள், ஆழமாகக் கொத்த வேண்டாம். அடித்தண்டில் பிசின் வடிகிறதா பாருங்கள். வடிந்தால் அந்த இடத்தைச் சுரண்டி, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் கணக்கில் போர்டோ பசை தடவுங்கள். தண்டை ஒட்டி மண் அணைக்காதீர்கள், தண்டிலிருந்து தள்ளி வட்டமாக ஒரு சின்ன வரப்பு போட்டால் தண்ணீர் தண்டைத் தொடாது, பாசனத்தை அதற்கு வெளியே வட்டமாகக் கொடுங்கள். புதுத் துளிர் வந்த பிறகு உரத்தை யோசிக்கலாம், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக.

தொழுவத் தரைக்கு 60 அடிக்கு ஓரடி வாட்டம் இருக்கட்டும். கோமியமும் சாணத் தண்ணீரும் மழை வாய்க்காலில் கலக்காமல் தனியாக எருக்குழிக்குப் போகட்டும். மாட்டைச் சேற்றிலேயே நிற்க விட்டால் குளம்பு அழுகும், வடிகால் முடியும்வரை மேடான இடத்தில் கட்டுங்கள்.

இப்போது குழாய். கூரைத் தண்ணீரைச் சுவரோரம் விடாமல் வாய்க்காலில் சேர்க்க, துளை இல்லாத 4 அங்குலக் குழாய் வாங்குங்கள். வாய்க்காலை நடைபாதை குறுக்கிடும் இடத்தில் மட்டும் அடியில் 6 அங்குலக் குழாய் இரண்டை அருகருகே போட்டு, மேலே மண் மூடிக்கொள்ளலாம். எத்தனை அடி என்பதை மட்டம் பார்த்து முளை அடித்த பிறகு அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். குழி இரண்டிலும் என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.