பீடத்துக்கும் கதவு உண்டு

கேள்வி: என் மகள் ஆஸ்திரியாவில் நர்ஸ். சாங்க்ட் வோல்ஃப்காங் என்ற ஏரிக்கரை ஊரின் பங்குக் கோவிலை இரண்டு தடவை படம் எடுத்து அனுப்பினாள். தவக்காலத்தில் எடுத்ததில் பீடம் முழுக்க ஓவியம். ஈஸ்டருக்கு அப்புறம் எடுத்ததில் தங்கச் சுரூபங்கள் தகதகக்கின்றன. பீடத்தையே மாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அதே பீடம்தான் அம்மா, கதவைத் திறந்திருக்கிறார்கள். இதற்கு இரண்டு ஜோடிக் கதவுகள். எல்லாம் மூடியிருந்தால் தெரிவது புனித வோல்ஃப்காங்கின் கதை. சாதாரண நாளுக்கு அது போதும் என்பது பழைய வழக்கம். முதல் ஜோடியைத் திறந்தால் கானாவூர்க் கல்யாணம், லாசரை எழுப்பியது என்று இயேசுவின் வாழ்வில் எட்டுக் காட்சிகள். அது ஞாயிற்றுக்கிழமைக்கு. உள்ளே இருக்கும் தங்கம் அந்த வழக்கப்படி வெளியே வந்தது பெருவிழாக்களில்தான். உங்கள் பக்கத்து சீரோ மலபார் கோவில்களில் பூசைக்குத் திரையை விலக்குவார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி.

செய்தவர் மிக்கேல் பாஹர். ஆல்ப்ஸ் முகட்டுக்குத் தெற்கே புரூனெக் என்ற ஊரில் அவருக்குப் பட்டறை. மோண்ட்சே என்ற ஊர் மடத்தின் அதிபதி பெனடிக்ட் எக் 1471இல் ஒப்பந்தம் போட்டார். வேலை முடிந்தது 1481இல். அத்தனை பெரிய பீடத்தை மலை தாண்டிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், லாரி இல்லாத காலத்தில்!

அந்தத் தங்கப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் இயேசு அமர்ந்திருக்க, மாதா மண்டியிட்டிருப்பார். அவர் உடையின் மடிப்புகளைப் பாருங்கள், மரம் என்றே தோன்றாது. பக்கத்தில் கையில் குட்டிக் கோவிலோடு நிற்பவர்தான் வோல்ஃப்காங், 994இல் இறந்த ஆயர், ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் நகரத்தவர்களுக்கு. மலையிலிருந்து கோடரியை வீசி, அது விழுந்த இடத்தில் கோவில் கட்டினார் என்பது அந்த ஊர்க் கதை.

கோவிலுக்குள் கறுப்பும் பொன்னுமாக இன்னொரு பெரிய பீடமும் உண்டு. தாமஸ் ஷ்வாந்தாலர் என்ற சிற்பி 1670களில் செய்தது. பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியது வைக்கத்தான் அவரைக் கூப்பிட்டார்களாம். அவரோ, பாஹரின் பீடம் இருக்கட்டும் என்று வாதாடித் தன்னுடையதைத் தள்ளி வைத்தார் என்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, எனக்குப் பிடித்த கதை. மரப் பீடத்தைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் ஒட்டும் நம்மூர்க் கமிட்டிக்காரர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது.

ஷ்வாந்தாலரின் பீடத்தையும் மகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இதற்குக் கதவு கிடையாது, எந்த மாதம் போனாலும் சரி.