ரெப்போ குறைந்தது, என் வட்டி ஏன் குறையவில்லை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2025-இல் ரெப்போ வட்டி (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கடனுக்கான வட்டி) நான்கு முறை குறைந்து 5.25 சதவீதத்துக்கு வந்துவிட்டது. என் வீட்டுக் கடன் மாதத் தவணை அப்படியே இருக்கிறதே? (மதுரை)

முதலில் கடன் கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். வட்டி குறையும்போது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் கடன் காலத்தைக் குறைத்துவிடும். வட்டியே குறையவில்லை என்றால், உங்களுடையது பழைய எம்.சி.எல்.ஆர். கடனாக (வங்கி தனக்குப் பணம் திரட்ட ஆகும் செலவை வைத்து வட்டி நிர்ணயிக்கும் முறை) இருக்கலாம். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போவோடு இணைந்தவை. அவற்றின் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்தியாக வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த விதி பொருந்தாது.

அதே வங்கியில் நண்பருக்கு என்னைவிடக் குறைந்த வட்டி. ஏன்? (சேலம்)

ரெப்போ இருவருக்கும் ஒன்றுதான். அதன்மேல் வங்கி ஏற்றும் கூடுதல் வட்டி ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண்) நன்றாக உயர்ந்திருந்தால், வட்டியைக் குறைக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். கேட்காமல் வங்கிகள் பொதுவாகக் குறைப்பதில்லை.

அரசுப் பத்திரத்தைவிட 4 சதவீதம் கூடுதலாகத் தரும் என்.சி.டி. (நிறுவனங்கள் வெளியிடும் கடன் பத்திரம்) விளம்பரம் பார்த்தேன். ரெப்போ குறையும் நேரத்தில் இது லாபம்தானே? (கோவை)

அந்த 4 சதவீதத்தை நிர்ணயிப்பது ரிசர்வ் வங்கி அல்ல. பணம் திரும்பி வருமா என்ற சந்தேகம். லட்ச ரூபாய்க்கு ஆண்டுக்கு 4,000 கூடுதலாக வாங்கிக்கொண்டு, முழு லட்சத்தையும் பணயம் வைக்கிறீர்கள்.

ரேட்டிங்கையும் (கடனைத் திருப்பித் தரும் திறனுக்கான தரமதிப்பீடு) கண்ணை மூடி நம்ப வேண்டாம். உள்கட்டமைப்புக்குக் கடன் தரும் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனத்துக்கு 2018 ஆகஸ்டு தொடக்கத்தில்கூட மிக உயர்ந்த ‘ஏஏஏ’, செப்டம்பரில் கடன் கட்டத் தவறியதைக் குறிக்கும் ‘டி’. அந்த அதிர்ச்சியில் வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கவே சந்தை தயங்கியது. 2019-இல் ரிசர்வ் வங்கி ஐந்து முறை ரெப்போவைக் குறைத்து 6.50-லிருந்து 5.15-க்குக் கொண்டுவந்தது. குறைப்பு நடந்துகொண்டிருந்தபோதே, ஜூனில் டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுவசதி நிதி நிறுவனம் தன் பத்திரங்களுக்கு வட்டி கட்டத் தவறியது. வலுவான நிறுவனங்களுக்குக் கடன் மலிவானது; பலவீனமானவற்றுக்கு எந்த விலையிலும் கடன் கிடைக்கவில்லை.

அப்படியானால் சந்தையின் பயத்தை ரிசர்வ் வங்கியால் குறைக்கவே முடியாதா? (திருச்சி)

ஓரளவு முடியும். 2020 மார்ச்சில், நிறுவனப் பத்திரங்களை வாங்குவதற்கென்றே வங்கிகளுக்குப் பணம் கொடுத்தது. நல்ல ரேட்டிங் உள்ளவற்றின் வட்டி இறங்கியது. ஏப்ரலில் வங்கி அல்லாத நிதி நிறுவனங்களின் பத்திரங்களை வங்கிகள் வாங்குவதற்காக 25,000 கோடி ரூபாயை ஏலத்தில் வைத்தபோது வங்கிகள் கேட்டது 12,850 கோடிதான். பணம் மலிவாகத்தான் இருந்தது. ஆனால் கடன் மூழ்கினால் நஷ்டம் வங்கியின் தலையில் அல்லவா விழும்?

ரெப்போ குறைந்தும் அரசுப் பத்திர வட்டி ஏறுமா? (நெல்லை)

ஏறும். 2025 ஜூனில் ஒரே அடியாக அரை சதவீதம் குறைத்த ரிசர்வ் வங்கி, தன் நிலைப்பாட்டை ‘நடுநிலை’ (அடுத்து குறைக்கவும் செய்யலாம், கூட்டவும் செய்யலாம்) என்று மாற்றியது. இனி பெரிய குறைப்பு வராது என்று கணக்குப்போட்ட சந்தை பத்திரங்களை விற்றது. பத்திரத்தின் விலை இறங்கினால் வாங்குபவருக்குக் கிடைக்கும் வருவாய் விகிதம் ஏறும்; பத்தாண்டுப் பத்திரத்தில் அதுதான் நடந்தது.