என்ஜின் வேலை பார்த்த காரில் சூடு ஏறுவது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வேதனையைச் சொல்கின்றன. போர் போட்டு (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி), பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றி, சேமிப்பைக் கொட்டி காரை வெளியே எடுத்தால் சூட்டு முள் சிவப்பை நோக்கிப் போகிறது. உடனே, "மறுபடியும் பிரித்துப் பார்த்துவிடலாம்" என்கிறார்கள் மெக்கானிக்குகள். தயவுசெய்து அதற்கு உடனே சம்மதிக்காதீர்கள். சூடு எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று முதலில் குறித்து வையுங்கள். நிற்கும்போதா, ஓடும்போதா, கிளப்பிய சில நிமிடங்களிலேயா? கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அந்தக் குறிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

என்னுடையது பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். 40 ஓவர்சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு பெரிய) பிஸ்டன் போட்டிருக்கிறோம். ஊருக்குள் பிரச்சினை இல்லை. நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் சிறிது நேரம் போனால் முள் ஏறுகிறது. வேகத்தைக் குறைத்தால் இறங்குகிறது. "புது என்ஜின் இறுக்கமாக இருக்கிறது, ஆயிரம் கிலோமீட்டரில் சரியாகிவிடும்" என்கிறார் மெக்கானிக். நம்பலாமா? (சேலம்)

பாதி நம்பலாம். புது ரிங்குகள் சிலிண்டர் சுவரில் படியும் வரை உராய்வு அதிகம். முள் வழக்கத்தைவிடச் சற்று மேலே நிற்பது இயல்பு. ஆனால், வேகத்தோடு ஏறி வேகத்தோடு இறங்கும் சூட்டுக்கு அது மட்டும் காரணமாக இருக்காது. ஓடும்போது காற்று தாராளமாகக் கிடைக்கிறது என்பதால் ஃபேனை விட்டுவிடலாம். ஒன்று, தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை. அல்லது என்ஜின் தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது.

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். கார் நிற்கும்போது ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கட்டும்; நீங்கள் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைப் பாருங்கள். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். ஹோஸ் தொளதொளத்திருந்தாலோ, உள்ளே இருந்த சுருள்கம்பி இல்லாமல் புதிது மாட்டியிருந்தாலோ, என்ஜின் சுற்று ஏறும்போது சப்பி ஒட்டிக்கொள்ளும். ஊருக்குள் தெரியாது, நெடுஞ்சாலையில் மட்டும் தெரியும்.

அடுத்து இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும் நேரம். என்ஜின் வேலைக்குப் பிறகு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் காதால் கேட்டே பொருத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. டைமிங் பின்தங்கினால் எரிதல் தாமதமாக முடியும். இன்னும் கொதிப்போடு இருக்கும் வாயு எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும்போது அந்தச் சூட்டை, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டில் இருக்கும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். வண்டி இழுவை குறைந்து சோம்பலாகவும் இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். டைமிங் லைட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் அட்வான்ஸ் குழாயை (டைமிங்கை முன்தள்ளுவது) கார்ப்பரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். காற்று தடையின்றி வந்தால் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. கூடவே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. அப்படியானால், கலவை என்ஜினுக்குள் போகும் இன்டேக் மானிஃபோல்டின் கேஸ்கெட்டில் (இணைப்பை அடைக்கும் தகடு) காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் ரேடியேட்டர். பல ஆண்டுத் துருவும் உப்பும், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் தண்ணீர் அறையில், குறிப்பாகப் பின் சிலிண்டரைச் சுற்றி, படிந்திருக்கும். லேத் பட்டறையில் போர் போட்டுக் கழுவும்போது அது இளகும். கோர் பிளக்குகளை (தண்ணீர் அறையின் பக்கத் துளைகளை அடைக்கும் மூடிகள்) கழற்றிச் சுரண்டாமல் என்ஜினைப் பூட்டிவிட்டால், இளகியது முழுவதும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கும். என்ஜினுக்கு அவ்வளவு செலவு செய்தவர்கள் பழைய ரேடியேட்டரை அப்படியே திருப்பி மாட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. என்ஜின் சூடானதும் நிறுத்திவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகம் முழுவதும் காட்டுங்கள். நடுவே குளிர்ந்த திட்டுகள் தெரிந்தால் அங்கே அடைப்பு. மேல் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன.

ஒன்று மட்டும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: ஹெட் கேஸ்கெட்டை எந்தப் பக்கமாக வைத்தார்? இந்த என்ஜினின் கேஸ்கெட்டில் முன்பக்கம், மேல்பக்கம் என்று அடையாளம் அச்சிட்டிருக்கும். திருப்பி வைத்தால் தண்ணீர்த் துளைகள் மூடிக்கொள்ளும். ஆனால் அப்படியானால் ஊருக்குள்ளும் சூடு ஏறியிருக்கும் என்பதால் இதைக் கடைசியில் வைக்கிறேன்.

மாருதி 800. சிக்னலில் நின்றால் சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்கிவிடுகிறது. (மதுரை)

உங்களுடையது காற்றுப் பிரச்சினை. என்ஜினை இறக்கி ஏற்றியபோது ஃபேன் மோட்டாரின் வயர்கள் மாறியிருந்தால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றும். சுற்றுவது கண்ணுக்குத் தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ரேடியேட்டரின் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். அது ரேடியேட்டரோடு ஒட்ட வேண்டும், விலகிப் பறக்கக் கூடாது. ஃபேன் சுற்றவே இல்லையென்றால், சூடு ஏறியதும் ஃபேனை ஓடவிடும் தெர்மோ ஸ்விட்ச், எர்த் வயர், ஃபியூஸ் மூன்றையும் பாருங்கள்.

ஸ்விட்ச் நல்லதாக இருந்தும் ஃபேன் தாமதமாக ஓடினால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம். ஸ்விட்சைத் தண்ணீர் தொடாமல் காற்றுக் குமிழி சூழ்ந்திருந்தால் அதற்குச் சூடு தெரியாது. காரின் முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, என்ஜின் குளிர்ந்த நிலையில் மூடியின்றிக் கிளப்பி, குமிழி நிற்கும் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

"நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இருந்தும் சூடு ஏறுகிறது. (கோயம்புத்தூர்)

திருப்பி மாட்டச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டின் வேலை என்ஜினைச் சரியான சூட்டுக்கு விரைவில் கொண்டுவந்து அங்கேயே வைத்திருப்பது. அது இல்லாவிட்டால் புது ரிங்குகள் நெடுநேரம் குளிர்ந்த சுவரில் உரசும், ஆயிலில் ஈரம் சேரும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை (ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்கு வழி) மூடும். அந்த வகையில் அதைக் கழற்றிவிட்டால், சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றிவரும். புதியதை மாட்டும் முன் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கிப் பாருங்கள். 82 என்று பொறித்திருந்தால் ஏறக்குறைய 82 டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். அதில் சிறு துளை இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

பிரீமியர் பத்மினி. கிளப்பிய சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது. ரேடியேட்டரில் குமிழி வருகிறது, தண்ணீர் குறைகிறது. (நாகர்கோவில்)

உங்களுக்கு மட்டும் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். தண்ணீர் சூடாவதற்கு முன்பே அழுத்தம் ஏறுகிறது என்றால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. கழற்றும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்: ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனைக் குப்பியின் நீல திரவம், எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு பட்டால் மஞ்சளாகும்.

பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் எளிதில் வளையும். நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் அளக்காமல் புது கேஸ்கெட் போட விடாதீர்கள். பிளாக்கின் போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் சரியான அளவைக் காட்டும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டங்களாக முறுக்க வேண்டும்.

பழைய ஆஸ்டின். முள் உச்சத்தில் நிற்கிறது, ஆனால் தண்ணீர் கொதிக்கவே இல்லை. பெட்ரோல் முள்ளும் அதிகமாகக் காட்டுகிறது. (யாழ்ப்பாணம்)

இரண்டும் சேர்ந்து பொய் சொல்கின்றன. அக்காலக் கார்கள் பலவற்றில் இந்த இரண்டு முள்ளுக்கும் ஏறக்குறைய 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று டாஷ்போர்டின் பின்னால் இருக்கும். உங்கள் காரில் அது இருந்து, பழுதாகி முழு 12 வோல்ட்டை விட்டால் இரண்டுமே ஏறும். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டி உண்மையான சூட்டை அறியுங்கள். 80-லிருந்து 95 டிகிரிக்குள் இருந்தால் என்ஜினைத் தொட வேண்டாம்.

கொல்லிமலை ஏறும்போது கொதித்துவிட்டது. போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். (நாமக்கல்)

போர்வெல் தண்ணீரை நிறுத்துங்கள். அதன் உப்பு நேராகப் பிளாக்கில் படிகிறது. டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் சமவெளியில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வளையம் காய்ந்துபோன மூடியில் 100 டிகிரியிலேயே கொதிக்கும், மலை மேல் இன்னும் சீக்கிரம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில், ரிங் படியாத என்ஜினை முழுச் சுமையோடு ஏற்றியதும் தவறு. சில நூறு கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

சூடான பிறகு ஸ்டார்ட்டர் திணறுகிறது. குளிர்ந்ததும் எளிதாகக் கிளம்புகிறது. (தஞ்சாவூர்)

பேட்டரியும் கேபிளும் சரியென்றால், இது நிஜமாகவே இறுக்கம். பிஸ்டனுக்கோ பேரிங்குக்கோ விட்ட இடைவெளி குறைவாக இருக்கலாம். ஓட்டித் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பிளாக்கே வீணாகும். போர் போட்ட அளவுக் குறிப்பை லேத் பட்டறையில் கேட்டு வாங்கி, வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் என்ன செய்வது? (வேலூர்)

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுவதும் திறந்து ஓரம் கட்டுங்கள். முள் இறங்காவிட்டால் என்ஜினை நிறுத்தி பானெட்டைத் திறந்துவிட்டு அரை மணி நேரத்துக்குமேல் காத்திருங்கள். மேல் ஹோஸ் கையால் அழுத்தும் அளவுக்குத் தளர்ந்த பிறகே, தடித்த துணியைப் போட்டு மூடியை மெல்லத் திறக்க வேண்டும். சூடான என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழலாம். ஆறிய பிறகு, என்ஜினைக் கிளப்பி ஓடவிட்டுக்கொண்டு சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.