போபா யு4 சுவிட்சில் 50 கிராம் ஸ்பிரிங் போடலாமா?

மெக்கானிக்கல் கீபோர்டுக்கான சத்தமில்லாத போபா யு4 சுவிட்சில் 62 கிராம் ஸ்பிரிங் கனமாக இருக்கிறது, 50 போட்டால் லேசாகுமா என்கிறீர்கள். எதிர்பார்க்கிற அளவுக்கு ஆகாது. யு4-ல் விரல் உணரும் கனத்தில் பெரும்பங்கு லீஃபில் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) ஸ்டெம் (கீயோடு இறங்கும் தண்டு) உரசி ஏறும் அந்த மேட்டிலிருந்துதான் வருகிறது. ஸ்பிரிங்கை மாற்றினாலும் மேடு அப்படியேதான் இருக்கும்.

கீ மேலே வருவதுதான் பெரிய சிக்கல். திரும்பும்போதும் ஸ்டெம் மேட்டைத் தாண்ட வேண்டும். போதாததற்கு, சத்தத்தை அடக்கும் ரப்பர் பட்டை அடியில் லேசாக ஒட்டும். ஸ்பிரிங் வலுவில்லையென்றால் கீ மந்தமாக எழும், சில சமயம் பாதியில் நின்றுவிடும். கனமான ஸ்பேஸ்பாரில்தான் இது முதலில் தெரியும்.

55 கிராமில் தொடங்குங்கள். வாங்கும்போது அது அடிவரை அழுத்தும் எடையா, ஆக்சுவேஷன் எடையா (கீ பதிவாகும் இடத்தில் தேவைப்படும் எடை) என்று பாருங்கள். கடைக்குக் கடை மாறும். முதலில் நாலே நாலு சுவிட்ச்: சுண்டுவிரல் கீ இரண்டு, நடுவிரல் கீ ஒன்று, ஸ்பேஸ்பார். கீயை மிக மெதுவாக விட்டுப் பாருங்கள், வேகமாகத் தட்டினால் குறை தெரியாது. தயங்கினால் அதே எடையில் 20 மி.மீ. நீள ஸ்பிரிங் போடுங்கள்; தொடக்க அழுத்தம் கூடுதலாக இருப்பதால் கடைசிவரை தள்ளிவிடும். ஸ்பிரிங் கிரீச்சிட்டால் கிரைடாக்ஸ் 105 எண்ணெய் சில சொட்டு போதும். லீஃபில் உரசும் ஸ்டெம் கால்களில் மட்டும் கிரீஸ் வேண்டாம், மேடு மழுங்கிவிடும்.